25 நிறப் பெட்டியும் பூட்டிக் கிடக்கும் கம்பியூட்டர் அறையும்

அஸ்ஸலாமு அலைக்கும். அன்பின் உறவுகளே,

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு என்றால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

ஏறாவூர் தொடக்கம் கல்முனை வரை, வாவியின் இரு கரையிலும் உள்ள எமது ஊர்களில், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் எங்கே நடந்தாலும் ஒரு கதை கட்டாயம் வரும். "பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் படிப்பிக்க வசதி இல்லை. இருக்கிறதெல்லாம் பழசு. புதுசு வாங்கக் காசு இல்லை." இதில் பாதி உண்மை. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாயைத் தொட்டது. அன்றிலிருந்து புதுக் கம்பியூட்டர் என்பது சாதாரண குடும்பத்துக்கும் சாதாரண பாடசாலைக்கும் எட்டாத விலையாகிவிட்டது.

மற்றப் பாதி உண்மையல்ல என்பதுதான் எமது கருத்து. பல இடங்களில் பழைய கம்பியூட்டர்கள் இயங்கும் நிலையில் இருக்கின்றன. "பழசு" என்ற ஒரே காரணத்துக்காக அறையைப் பூட்டி, துணியால் மூடி வைத்திருக்கிறோம். எந்தப் பாடசாலை என்று பெயர் சொல்ல வரவில்லை. வாசிக்கும் உங்களுக்கே இரண்டு மூன்று இடங்கள் ஞாபகத்துக்கு வரும்.

கம்பியூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைக்கு விளங்க வைக்கப் பழைய இயந்திரம் போதும். சில விடயங்களுக்குப் பழசுதான் நல்லது. இதற்கு நாம் எடுக்கும் உதாரணம் சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். அது ரீவி கேம்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது?

இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் வாப்பாமாருக்கு அதை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பெருநாள் காசு சேர்த்து வாங்கிய பெட்டி. "9999 இன் 1" என்று ஒட்டிய மஞ்சள் கஸட். உள்ளே போனால் அதே சில கேம்கள்தான் திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் வரும். சந்தையில் விற்ற அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பனி வெளியிட்ட ஃபேமிகொம் என்ற இயந்திரத்தைப் பார்த்துச் செய்த கொப்பிகள்.

அந்த இயந்திரத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். திரையில் குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி. பெருக்கினால் 61,440 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒரு பைட்டில் எழுதி வைப்பதென்றால் 61,440 பைட் வேண்டும். ஆனால் இயந்திரத்தின் வேலை நினைவகம் வெறும் 2,048 பைட். படத்துக்கென்று தனியாக இன்னும் ஒரு 2,048. முப்பது பேருக்குச் சோறு ஆக்க வேண்டும், கையில் இருப்பது இரண்டு பேருக்கான அரிசி என்பது போன்ற நிலைமை.

அதனால் அதை வடிவமைத்தவர்கள் படத்தை 8க்கு 8 புள்ளி கொண்ட சிறு ஓடுகளாக வெட்டினார்கள். ஒரே ஓட்டைப் பல இடத்தில் பதிக்கலாம். நிறங்களையும் சிறு தட்டுகளாகப் பிரித்தார்கள். பின்னணிக்கு 4 தட்டு, ஒவ்வொன்றிலும் 3 நிறம், எல்லாவற்றுக்கும் பொதுவாக இன்னொரு நிறம். ஆக 13. ஓடித்திரியும் உருவங்களுக்கு இன்னும் 4 தட்டு, தட்டுக்கு 3 நிறம். ஆக 12. மொத்தம் 25 நிறம். அதிலும் ஒரு கட்டுப்பாடு: பின்னணியில் 16க்கு 16 புள்ளி கொண்ட ஒரு சதுரம் முழுவதற்கும் ஒரே தட்டுத்தான்.

1985இல் வந்த சூப்பர் மாரியோவை விளையாடியவர்கள், வானத்து மேகத்தையும் தரையில் உள்ள பச்சைப் புதரையும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். தட்டை மாற்றி ஒன்றுக்கு வெள்ளை, மற்றதுக்குப் பச்சை பூசியிருக்கிறார்கள். நாம் எத்தனை நூறு தடவை அதைத் தாண்டிப் பாய்ந்திருப்போம்! அந்த முழுக் கேமும் 40 கிலோபைட் இடத்துக்குள் அடங்கியது. காலையில் வட்ஸ்அப் குழுமத்தில் வரும் ஒரு "ஸுப்ஹ் பஹைர்" படம் பெரும்பாலும் அதைவிடப் பெரிது.

இல்லாத நிறம் எங்கிருந்து வந்தது?

உலகத்தின் பல நாடுகளில், எந்தக் கம்பனியும் சம்பளம் கொடுக்காமலேயே, இந்தப் பழைய இயந்திரங்களுக்கு இன்றும் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இதைக் ஹோம்ப்ரூ என்கிறார்கள். வீட்டுச் சமையல் மாதிரி, கடைக்கு அல்லாமல் தன் விருப்பத்துக்குச் செய்வது. இயந்திரத்தின் புத்தகத்தில் "இத்தனை நிறம்தான்" என்று எழுதியிருப்பதைத் தாண்டிக் காட்டுவது அவர்களுக்குப் பிடித்த ஒரு வேலை. இயந்திரத்தைத் திறந்து எதையும் மாற்றுவதில்லை. புரோகிராமை எழுதும் விதத்தில்தான் எல்லாமே.

எப்படி முடிகிறது? மூன்று வழிகளைச் சொல்கிறோம். எட்டாம் தரப் பிள்ளைக்கும் விளங்கும்.

முதலாவது, கோடு கோடாக நிறம் மாற்றுவது. பழைய குண்டு ரீவியில் படம் ஒரே தடவையில் வருவதில்லை. ஓர் இலத்திரன் கற்றை மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, கோடு கோடாக வரைந்துகொண்டு போகும். எமது நாட்டில் பாவித்த பால் முறையில் செக்கனுக்கு 50 தடவை. ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோசெக்கன். அதில் சுமார் 12 மைக்ரோசெக்கன், கற்றை அடுத்த கோட்டின் தொடக்கத்துக்குத் திரும்பும் நேரம். அந்த நேரத்தில் திரையில் எதுவும் வரையப்படாது. அந்த இடைவெளியில் தட்டில் இருக்கும் நிறத்தை மாற்றிவிட்டால் அடுத்த கோடு வேறு நிறத்தில் வரும். ஒரு நேரத்தில் தட்டில் இருப்பது 4 நிறம்தான். ஆனால் திரை முழுவதையும் பார்க்கும் கண்ணுக்கு நாற்பதும் தெரியும், நானூறும் தெரியும்.

சொல்வது லேசு. அந்தப் பழைய இயந்திரங்களின் மூளை செக்கனுக்குச் சுமார் 17 இலட்சம் துடிப்பு. 12 மைக்ரோசெக்கன் என்றால் இருபது சொச்சம் துடிப்பு. ஒரு கட்டளைக்கு 2 முதல் 7 துடிப்பு வரை போகும். ஆகவே ஐந்தாறு கட்டளைக்குள் வேலையை முடிக்க வேண்டும். ஒரு துடிப்பு பிந்தினாலும் படத்தில் அழுக்குக் கோடு விழும். ரீவி கேம் பெட்டியில் இது இன்னும் கஷ்டம். நிறத் தட்டைத் தொடுவதென்றால் படம் வரைவதையே ஒரு கணம் நிறுத்த வேண்டும்.

1977இல் வந்த அட்டாரி 2600 இந்த வித்தையைக் கட்டாயமாக்கிய இயந்திரம். அதன் நினைவகம் 128 பைட். நாம் மேலே எழுதிய "அஸ்ஸலாமு அலைக்கும்" என்ற இரண்டு சொற்களை இன்றைய போனில் தமிழில் எழுதினால் 52 பைட் போகிறது. அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் நாற்பது வீதம் ஸலாத்துக்கே முடிந்துவிடும். முழுப் படத்தையும் வைக்க இடமே இல்லாததால், ஒவ்வொரு கோடும் வரையப்படும்போது புரோகிராம் கூடவே ஓட வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியிலிருந்து வானவில் போன்ற நிறப் பட்டைகள் பிறந்தன.

இந்த வழியின் அழகான உதாரணம் 1998இல் வந்த கேம் போய் கலர். அதற்கு ரீவி இல்லை, சொந்தமாகச் சின்ன எல்.சி.டி. திரை. அதுவும் கோடு கோடாகத்தான் வரையும். அது அறிந்த நிறங்கள் 32,768. ஒரே நேரத்தில் காட்டக்கூடியவை 56 மட்டும். கோட்டுக்குக் கோடு தட்டை மாற்றினால் ஒரே படத்தில் 2,000க்கு மேற்பட்ட நிறம் வரும். 2001இல் வந்த அலோன் இன் த டார்க் என்ற கேமில் இந்த வித்தையால் போட்டோ போன்ற படங்களைக் காட்டினார்கள். அதை இப்போது வீட்டிலிருந்து செய்பவர்கள் இன்னும் முன்னே கொண்டு போகிறார்கள்.

இரண்டாவது, கண்ணால் கலக்க வைப்பது. இது எமக்குப் புதிதல்ல. வாவியின் தெற்குக் கரைக்கு அண்மையில் உள்ள மருதமுனைத் தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாவில் சிவப்பு நூலும் ஊடையில் நீல நூலும் போட்டால், ஊதா நூல் ஒன்று இல்லாமலேயே தூரத்திலிருந்து துணி ஊதாவாகத் தெரியும். 1991இல் சேகா கம்பனியின் சொனிக் கேமில் நீர்வீழ்ச்சியை இப்படித்தான் செய்தார்கள். ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி. பழைய ரீவியின் மஞ்சள் வயர் வழியாகப் போகும்போது புள்ளிகள் ஒன்றோடு ஒன்று கலங்கி, கண்ணாடி போன்ற தண்ணீர் தெரிந்தது. இன்றைய கூர்மையான திரையில் பார்த்தால் வெறும் நெடுங்கோடுகள். அவர்கள் ரீவியின் குறையையே ஒரு தூரிகையாகப் பாவித்தார்கள். இரண்டு படங்களைச் செக்கனுக்கு 50 தடவை மாற்றி மாற்றிக் காட்டிக் கண்ணில் நிறத்தைக் கலக்க வைப்பதும் இந்த வகைதான். ஆனால் அதில் படம் கொஞ்சம் நடுங்கும்.

மூன்றாவது, இருக்கும் பலம் முழுவதையும் நிறத்துக்கே கொடுப்பது. 1988இல் வந்த சேகா மெகா டிரைவ் 512 நிறம் அறிந்தது. ஒரே நேரத்தில் 64ஐத்தான் வைத்திருக்கும். வீட்டிலிருந்து எழுதுபவர்கள் ஒரு வழி கண்டார்கள். வழமையான படத்தை நிறுத்திவிட்டு, பின்னணி நிறத்தை மட்டும் இடைவிடாமல் மாற்றிக்கொண்டே போவது. மாற்றும் ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு புள்ளியாக விழும். இப்படி 512 நிறத்தையும் விரும்பிய இடத்தில் வைக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் இயந்திரத்தின் மூளை நின்றுவிடும். அழகான படம் வரும், கேம் ஓட நேரம் இருக்காது. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

இது வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கம்பியூட்டர்களில் இப்படி ஒளியும் ஒலியும் செய்யும் கலையை 2020இல் பின்லாந்தும் 2021இல் ஜேர்மனியும் தமது தேசியக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தன.

இதில் எமது பிள்ளைகளுக்கு என்ன?

இன்று எட்டாம் தரப் பிள்ளையின் கையில் இருக்கும் போன் 1 கோடி 67 இலட்சம் நிறம் காட்டுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது. சிவப்பு 256, பச்சை 256, நீலம் 256, மூன்றையும் பெருக்கு என்று சொல்ல ஒருவரும் இல்லை. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் துவித எண் வருகிறது, பிட், பைட் வருகிறது, கட்டுப்பாட்டுப் பாய்ச்சல் வருகிறது. பிள்ளைகள் எல்லாவற்றையும் பாடமாக்கிச் சித்தியும் பெறுகிறார்கள். ஆனால் "எட்டுப் பிட் என்றால் ஏன் 256?" என்று ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டால் வகுப்பு மௌனமாகிறது. பரீட்சைப் பெறுபேறு நன்றாக இருக்கும்போது இந்த மௌனம் எவருக்கும் கேட்பதில்லை.

தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குப் போ என்பது கல்வியியற் கல்லூரியில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தது கேம். அங்கிருந்து தொடங்குவோம்.

இதற்கு மின்சாரமும் தேவையில்லை. சதுரக்கோட்டுக் கொப்பியில் 16க்கு 16 கட்டம் போடுங்கள். பிள்ளையிடம் 24 கலர் பென்சில் பெட்டியைக் கொடுத்து, நான்கை மட்டும் எடுத்து, வாவியில் பொழுது படும் காட்சியை வரையச் சொல்லுங்கள். கஷ்டப்படும். அடுத்த தாளில் சட்டத்தை மாற்றுங்கள். மேல் வரிசையிலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையாக வரைய வேண்டும். கையில் எப்போதும் நான்கு பென்சில்தான். ஆனால் ஒரு வரிசை முடிந்ததும் ஒன்றைப் பெட்டியில் வைத்து வேறொன்றை எடுக்கலாம். 16 வரிசைக்கு 15 மாற்றம். நான்கும் பதினைந்தும் பத்தொன்பது நிறம்.

காத்தான்குடிக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் தெரியும் வானம் அந்தத் தாளில் வந்துவிடும். ஏனென்றால் அந்த வானம் கிடைக்கோட்டுப் பட்டைகளாகத்தான் நிறம் மாறுகிறது. ஆனால் கரையில் நிற்கும் தென்னையை வரையும்போது பிள்ளை திண்டாடும். தென்னை நெடுக்கே பல வரிசைகளில் நிற்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் அதற்கென்று ஒரு பென்சிலை விடாமல் வைத்திருக்க வேண்டும். அப்போது வானத்துக்கு மூன்றுதான் மிஞ்சும். வளத்தைப் பங்கிடுவது என்றால் என்ன என்று ஒரு மணித்தியாலத்தில் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும். பிறகு பூட்டிக் கிடக்கும் அந்தப் பழைய கம்பியூட்டரைத் திறந்து, அதே படத்தை எண்களாக எழுத வைக்கலாம். பழைய கேம் இயந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருட்கள் இலவசம். புரோகிராம் எழுதும் கருவிகளும் இலவசம். எமது அறைகளில் தூசு படிந்து கிடக்கும் இயந்திரத்துக்கு அவை ஒரு பாரமே இல்லை.

மூன்று ஆட்சேபனைகள்

"கேம் என்ற சொல்லையே பாடசாலைக்குள் கொண்டு வராதீர்கள், ஏற்கெனவே பிள்ளைகள் இரவு முழுக்கப் போனும் கையுமாக இருக்கிறார்கள்" என்று சில பெற்றோர் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. இரவு இரண்டு மணிவரை போனில் சண்டை பிடித்துவிட்டுக் காலையில் முதலாம் பாடத்தில் தூங்கும் பிள்ளையை நாம் தினமும் பார்க்கிறோம். அதனால்தான் ஒரே ஒரு சட்டம் வைக்கச் சொல்கிறோம். வகுப்பில் எவரும் எந்தக் கேமும் விளையாட முடியாது, அங்கே ஒரு மாணவர் தானே எழுதியதைத் தவிர. பிறருடைய கேமைக் களவாக இறக்குவதற்கும் இடமில்லை. அது இன்னொருவருடைய உழைப்பு, அதில் அவருடைய ஹக் இருக்கிறது. விளையாடுகிற பிள்ளைக்கு நேரம் போவது தெரியாது. எழுதுகிற பிள்ளை பத்து நிமிடத்தில் ஒரு தடவையாவது தலையைச் சொறிந்து யோசிக்கும்.

"நாற்பது வருடப் பழசைப் படித்து என்ன தொழில் கிடைக்கும்?" இது இரண்டாவது. நேரடியாக ஒன்றும் கிடைக்காது. மென்பொருள் கம்பனியில் யாரும் ரீவி கேம் எழுதத் தெரியுமா என்று கேட்கப் போவதில்லை. ஆனால் இருபது துடிப்புக்குள் வேலையை முடிக்கப் பழகியவர் எந்த இயந்திரத்தையும் மதித்து எழுதுவார். கரும்பலகையில் கூட்டல் படித்தது கடையில் உதவுவது போலத்தான் இதுவும்.

"இப்போது எல்லாவற்றையும் ஏ.ஐ. எழுதித் தருகிறதே?" தருகிறது. அது எழுதித் தந்தது சரியா பிழையா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத பிள்ளை, தருவதை அப்படியே வாங்கிக்கொள்ளும் வாடிக்கையாளராகத்தான் இருக்கும். எமது ஊர்களில் இருந்து வாடிக்கையாளர்கள் மட்டுமே உருவாக வேண்டுமா என்பதை யோசித்துப் பாருங்கள்.

நாம் கேட்பது

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்: அடுத்த கூட்டத்தில் ஸ்மார்ட் போர்டுக்குக் காசு சேர்ப்பது பற்றிப் பேசும் முன், பூட்டிய அறையைத் திறந்து எத்தனை கம்பியூட்டர் இயங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். கழித்துவிடப் பட்டியல் போட்டிருந்தால், இயங்குபவற்றை அதிபரோடு பேசித் தனியாக எடுத்து வையுங்கள். கட்டார், சவூதியில் இருந்து உதவும் உறவுகளே, புதுப் பொருளுக்கு மட்டும் காசு தருவோம் என்று நிற்காதீர்கள். பழையதைத் திருத்தும் செலவுக்கும் தாருங்கள். திறந்து வைக்கப் பெயர்ப்பலகை இருக்காது. பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கம்பியூட்டர் படித்து வெளியேறிய தம்பி தங்கைகளுக்கு: மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, இரண்டு மணித்தியாலம். சம்பளம் இல்லை, தேத்தண்ணி உண்டு. பெண் பிள்ளைகளின் பாடசாலைகளுக்கு முதலிடம் கொடுங்கள். வெளியே கம்பியூட்டர் வகுப்புக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் அங்கேதான் அதிகம்.

உம்மா வாப்பாமாருக்கு: இன்று இரவு பிள்ளையின் கையிலிருந்து போனைப் பறிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். "இந்தத் திரையில் தெரியும் இந்த நிறம் எப்படி வந்தது மகன்?" தெரியாது என்று சொன்னால் ஏசாதீர்கள். சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்துக் கொடுங்கள். நாலு பென்சிலும் கொடுங்கள்.

தமது பாடசாலையில் இதைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். அந்த 16க்கு 16 கட்டப் பயிற்சியை ஒரு பாடத் திட்டமாக எழுதித் தர நாம் தயார். இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணைக்குள் ஒரு பாடசாலையிலாவது அந்த அறையின் பூட்டைத் திறப்போம்.

வஸ்ஸலாம்.